மார்ஜரி எழுதிய குரல்கள்

மாத்தளையில், திருகோணமலை வீதிக்குப் பின்னால் ஓடும் ஒழுங்கையின் கடைசி வீட்டில் மார்ஜரி இருந்தாள். தகப்பன் சில்வெஸ்டர் தையல்காரர். எட்டாம் வகுப்பில் இருக்கும்போது தாய் படுத்த படுக்கையானதால் மார்ஜரி பள்ளிக்கூடத்தை விட்டாள். தாய் போன பிறகு திரும்பப் போயிருக்கலாம். யாரும் போகச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்லுவாள். தைக்கக் கொடுக்க வரும் பெண்கள், “உங்க மகளுக்கு முகம் இருக்கா சில்வெஸ்டர், இல்ல காலு மட்டுந்தானா?” என்று கேலி செய்வார்கள். திரைச்சீலை தரையைத் தொடாததால் அவர்களுக்கு அவளுடைய பாதங்கள் மட்டும் தெரியும்.

கையெழுத்து மட்டும் முத்துப் போல இருக்கும். கோயிலில் பாட்டுக்களைப் பிரதி எடுப்பது அவள்தான். பங்குத் தந்தை சொல்லித்தான் நல்லையா அவளைத் தேடி வந்தார். அது எண்பதாம் ஆண்டு, அவளுக்கு இருபத்தாறு வயது.

நல்லையா யாழ்ப்பாணத்துக்காரர், பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிப்பிப்பவர். தேயிலைத் தோட்டத்துத் தமிழை ஆராய்ந்து பட்டம் வாங்க வேண்டும் என்று, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாக ஏறி இறங்கிக் குரல்களைப் பதிவு செய்திருந்தார். ஒரு பிஸ்கட் டின் நிறைய கசட், ஒரு ரெக்கோடர், ஒரு கட்டுத் தாள் எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டுத் திரைச்சீலையைப் பார்த்துச் சொன்னார்.

“பிள்ளை, அவையள் எப்பிடிச் சொல்லினமோ அப்பிடியே எழுத வேணும். திருத்தப்படாது. என்ன சொல்லினம் எண்டு பாக்கத் தேவையில்லை. எப்பிடிச் சொல்லினம் எண்டு மட்டும் பாரும்.”

“சரி சேர்” என்றது திரைச்சீலை.

அவளுக்கு அந்த வேலை நன்றாகப் பொருந்தியது. யாருடைய முகத்தையும் பார்க்காமல் நாள் முழுக்க ஆட்களோடு இருக்கலாம். ஒரு வரி ஓடவிட்டு நிறுத்தி எழுதுவாள். சந்தேகம் என்றால் திருப்பி ஓடவிடுவாள். கொஞ்ச நாளில் குரல்களெல்லாம் பழகிப் போயின. ஒவ்வொரு கதைக்கும் முன்னால் “மெசின் ஓடுதாய்யா?” என்று கேட்கிற கிழவர் ஒருவர் இருந்தார். அவர் லக்கலயில் யானை துரத்திய கதையைச் சொல்லி முடிக்க ஒரு பக்க நாடாவே எடுத்தார். அதே நாடாவின் மறுபக்கத்தில் காத்தாயி இருந்தாள்.

காத்தாயி, நாலந்தா போகிற வழியில் உள்ள கிரிவானைத் தோட்டத்தில் கொழுந்தும் மிளகும் எடுக்கிறவள். நல்ல வாயாடி. தண்ணீர்ப் பீலியில் வரிசைக்கு நிற்பவர்களை அவள் வாங்கு வாங்கென்று வாங்குவதைக் கேட்டு மார்ஜரி எழுதுவதை விட்டுவிட்டுச் சிரித்திருக்கிறாள். “அவ குடத்தப் பாத்தியா, அவ புருசன் வகுறு மாதிரி, எம்புட்டு ஊத்துனாலும் ரொம்பாது!” அதற்குப் பிறகு நல்லையாவின் குரல் கேட்கும்: “உங்களுக்கு உயிர் போகப் போகுது எண்டு பயந்த நேரம் ஏதும் இருக்கோ?”

அது நல்லையாவின் வேலை முறை. ரெக்கோடரைக் கண்டதும் ஆட்கள் ரேடியோவில் செய்தி வாசிப்பவர்கள் மாதிரி விறைத்துவிடுவார்களாம். உயிருக்குப் பயந்த கதையைக் கேட்டால் மெசினை மறந்து, வாயில் வருகிறபடி பேசிவிடுவார்களாம். இதை அவர் ஒருநாள் மார்ஜரிக்குப் பெருமையாக விளக்கியிருந்தார்.

காத்தாயி மறந்துதான் பேசினாள்.

“எழுபத்தேழு கலவரத்துலய்யா. நான் மொளகுக் கொடிக்குக் கீழ, தண்ணி ஓடுற கானுக்குள்ள படுத்துக் கெடந்தேன். கீழ ரோட்டுல இருந்து வந்தாங்க. எந்த வீட்டுக் காம்பராவுல நக இருக்கு, எதுல இல்லேன்னு வந்தவங்களுக்கு எப்பிடிய்யா தெரியும்? முத்துவீரன் முன்னுக்கு நின்னாரு. கைய நீட்டிக் காட்டுனாரு. அவரு காம்பராவ மட்டும் விட்டுட்டாங்க. எங்க வீட்டுக்காரரு மாடசாமி குறுக்க போனாரு. அப்பறம் அவரு எந்திரிக்கவே இல்ல. ஒரு வருசம் படுத்துக் கெடந்து செத்தாரு. நான் பாத்தது முத்துவீரனுக்குத் தெரியாது. ஒருத்தர்கிட்டயும் நான் வாயத் தொறக்கல. அதே லயத்துல இருக்கணுமேய்யா.”

எங்கோ ஒரு கோழி கத்தியது. பிறகு நல்லையாவின் குரல், “ம், பிறகு?” என்றது.

மார்ஜரி அதை எழுதினாள். அடுத்த வாரம் நல்லையா வந்து, வினைச்சொற்களின் கீழே சிவப்பு மையால் கோடிட்டு, நல்ல நல்ல சொற்களைச் சின்ன அட்டைகளில் எழுதிக் கொண்டு போனார். “காத்தாயியின்ர நாடாதான் தங்கம்” என்றார்.

இரண்டு வருடம் போனது. எண்பத்திரண்டில் ஒருநாள் தகப்பனுக்கு நூல் வாங்க மார்ஜரி ஒரு புடவைக் கடைக்குப் போயிருந்தாள். முதுகுப் பக்கம் ஒரு குரல் கேட்டது. “ஏன் தம்பி, இந்தச் சேல தண்ணி கண்டா நெறம் நிக்குமா, இல்ல ஒன் மொகம் மாதிரி வெளுத்துப் போகுமா?”

மார்ஜரி திரும்பாமலே காத்தாயி என்று தெரிந்துகொண்டாள். முகத்தை அன்றைக்குத்தான் கண்டாள். நினைத்ததைவிடச் சின்ன ஆள். பக்கத்தில் மகள் கமலாட்சி தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு நின்றாள்.

“கல்யாணமா அக்கா?” என்று கடைக்காரன் கேட்டான்.

“ஆமா. மாப்பிள வெளியில இல்ல, எங்க லயத்துப் பயதான். முத்துவீரன் மகன். இதுக ரெண்டும் பேசி முடிச்சிட்டுத்தான் எங்களுக்கே சொல்லுச்சுக. நம்ம வெத்தல பாக்கு மாத்துறதோட சரி.”

காத்தாயியின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பீலியில் சண்டை போட்ட அதே குரல். மார்ஜரி நூலை வாங்காமலே வெளியே வந்தாள்.

அந்த மாதமே நல்லையா ஒரு கடிதத்தோடு சிரித்த முகமாக வந்தார். கொழும்பில் மஸூதா என்ற மொழியியல்காரி முஸ்லிம்களின் தமிழை ஆராய்ந்து கொண்டிருந்தாள். அவளிடம் இருந்த நாடாக்கள் நல்லையாவுக்கு வேண்டும். ஒப்பிட்டுக் காட்டாமல் அவருடைய ஆய்வின் கடைசி அத்தியாயம் நகராது. அவளுக்கு இவருடைய தோட்டத்து நாடாக்கள் வேண்டும். மாற்றிக்கொள்ளுவதாகப் பேசி முடித்திருந்தார்கள்.

“அவ என்ன செய்யப்போறா தெரியுமே? இந்தக் குரலுகளைச் சனத்துக்குப் போட்டுக் காட்டி, இது எந்த இடத்து ஆள், படிச்ச ஆளோ படியாத ஆளோ எண்டு கேக்கப் போறா. வில்கமுவப் பக்கம் பஸ் இல்லை, லக்கல எண்டா யானை. அதால நாலந்தா வழியில இருக்கிற தோட்டங்களிலதான் துவங்கிறாவாம்.”

மார்ஜரி பால் விடாத பிளேன்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உடனே உள்ளே போகாமல் நின்றாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம்.

“சேர், காத்தாயியக்காட நாடாவ மட்டும் குடுக்க வேணாம்.”

“ஏன்? அதுதானே ஆகத் திறம்.”

“அதுல ஒரு ஆள... ஒரு ஆளப் பத்தி இருக்கு.”

“அதொண்டும் பயப்பிடாதையும். பேர் ஒண்டும் வெளியில வராது. கசட்டில நம்பர் மட்டும்தான் போடுறது. காத்தாயி எண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?”

காத்தாயியின் முகமே தெரியாத மார்ஜரிக்கே கடைக்குள் குரல் பிடிபட்டது. ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்களுக்கு நம்பர் எதற்கு? அதைச் சொல்லத் தொடங்குவதற்குள் சில்வெஸ்டர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அவள் திரைச்சீலைக்குள் போய்விட்டாள். நல்லையா விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போனார். ‘வருகிறவரிடம் எல்லாவற்றையும் கொடுக்கவும்’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார்.

மஸூதா ஒரு புதன்கிழமை வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பிரதி எடுப்பதற்கு இன்னொரு ரெக்கோடரையும் ஒரு வயரையும் தூக்கிக்கொண்டு வந்து, கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மார்ஜரியைவிடப் பத்து வயதாவது மூத்தவள்.

மார்ஜரி டின்னைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஒன்றை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அது என்ன தங்கச்சி?”

“இது தர ஏலாது.”

“உடைஞ்சிருக்கா?”

“இல்ல.”

“அப்ப என்ன?”

மார்ஜரி கசட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். சொன்னால் சொல்லக்கூடாததைச் சொன்ன மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் சேருடைய பொருளைக் களவெடுத்து வைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். மஸூதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுல பேசுறவங்க, யார் பேரையும் சொல்றாங்களா?”

மார்ஜரி ஆமென்று தலையை அசைத்தாள்.

“அந்த ஆள் உசிரோட ஈக்காரா?”

“அதே லயத்துல. இப்ப சம்பந்தியாகப் போறாங்க.”

“யா அல்லாஹ்” என்றாள் மஸூதா. வயரைச் சுருட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். “நல்லையா இதக் கேக்கல்லியா?”

“கேட்டாரு. கோடு போட்டாரு.”

மஸூதாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. “நானும் அப்பிடித்தான் கேட்டிருப்பேன். போன கிழம ஆள் மௌத்தான ஒரு மையத்து வீட்டுல பதிவு செஞ்சேன். அவங்க என்னத்தச் சொல்லி அழுதாங்கண்டு இப்ப கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. எப்பிடி அழுதாங்கண்டு கேளு, ரெண்டு மணித்தியாலம் பேசுவேன்.”

காத்தாயியின் பேச்சில் பீலிச் சண்டை மட்டுமே தனக்குப் போதும் என்று அவள் சொன்னாள். பிரதி எடுக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டால் என்ன என்றும் கேட்டாள். மார்ஜரி சம்மதிக்கவில்லை. இந்த மேசையில் அது இருக்கும்வரைக்கும், நாளைக்கு வேறொருவர் துண்டோடு வருவார் என்றாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதை சில்வெஸ்டர் கேட்டிருந்தால் தையல் மெசினை நிறுத்தியிருப்பார்.

“அப்ப வெட்டிடுங்க. நான் வெளிய நிக்கிறன். கேக்காம இருக்கிறதுதான் எனக்கு நல்லம்.” மஸூதா முற்றத்துக்குப் போய், பப்பாசி மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்ஜரி இடத்தைத் தேடிப் பிடித்தாள். தகப்பனுடைய மெசின் பெட்டியிலிருந்த சின்ன ஸ்குரூ டிரைவரால் கசட்டைத் திறந்து, நூல் வெட்டும் கத்தரிக்கோலால் இரண்டு இடத்தில் வெட்டி, செலோடேப்பை மெல்லிதாக நறுக்கி ஒட்டினாள். எழுதிய தாளில் அந்தப் பக்கத்தை அடுப்பில் போட்டாள். வெட்டின பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. மறுபக்கத்தில் யானைக் கதை இருந்தது. ஒட்டிய நாடாவையும் மற்றவற்றோடு சேர்த்து மஸூதா பிரதி எடுத்துக்கொண்டு போனாள்.

எடுத்த நாடா கைக்குள் ஒரு கொத்து முடி மாதிரி கிடந்தது. அதைக் கிழிக்கவோ எரிக்கவோ அவளுக்கு மனம் வரவில்லை. அது அவளுடையதும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு நாலந்தா பஸ்ஸில் ஏறினாள்.

காத்தாயி லயத்துக்கு முன்னால் இருந்த பீன்ஸ் பாத்தியில் கம்பு நட்டுக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா நீ? சென்சஸா?”

“இல்லக்கா. நான்... யாழ்ப்பாணத்து சேர் பதிவு செஞ்சாரே, அந்தப் பேச்ச எழுதினவ.”

காத்தாயியின் கை கம்பிலேயே நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தாள். “எல்லாத்தையுமா?”

மார்ஜரி கைலேஞ்சியை அவிழ்த்தாள். “அது இதுதான். மத்ததுல இப்ப இல்ல. எழுதினதும் இல்ல. வேற ஒருத்தரும் கேக்கல.”

“அந்த ஐயா?”

“அவரு வேற எதையோ கேட்டாரு.”

காத்தாயி வெகுநேரம் நாடாவையே பார்த்தாள். “அப்ப நீ மட்டுந்தான் கேட்ட” என்றாள். அது கோபமா, ஆறுதலா என்று மார்ஜரிக்குப் பிடிபடவில்லை. “அந்தாளு அப்பிடிக் கேட்டாரு, உசுரு போற மாதிரி பயந்தீங்களான்னு. அது வரைக்கும் ஒருத்தரும் எங்கிட்ட அப்பிடிக் கேக்கல. பொலிசு கேட்டது என்னென்ன சாமான் போச்சின்னு.” நாடாவை வாங்கி விரலில் சுற்றினாள். “இவ்வளவுதானா? நான் என்னமோ பெருசா பேசுனேன்னு நெனச்சேன்.”

அப்போது லயத்துக் கோடியிலிருந்து ஒரு ஆள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். நரைத்த மீசை, துவைத்த வெள்ளை பனியன்.

“என்னா சம்பந்தி, யாரு விருந்தாளி?”

“டவுன்ல இருந்து. கமலாட்சிக்கு சட்ட தைக்க அளவு கேக்க வந்திருக்கு.”

“அப்பிடியா. உக்காரச் சொல்லுங்க, நிக்க வச்சிப் பேசுறீங்க. கையில என்னா அது?”

காத்தாயி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. “ரெக்கோட் ரிப்பன். பாத்திக்குக் கட்டலாமுன்னு கொண்டாரச் சொன்னேன். காத்துல மினுங்கும், சத்தமும் போடும். கிளி கிட்ட வராது. இந்தாங்க, சும்மா நிக்காம அந்த முனையப் புடிங்க.”

முத்துவீரன் முனையைப் பிடித்தார். காத்தாயி கம்புக்குக் கம்பு நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டே போனாள். அவர் பிடித்த முனையைக் கடைசிக் கம்பில் அவரே முடிச்சுப் போட்டார். காற்று வந்ததும் நாடா விர்ரென்று ஒரு சத்தம் போட்டது.

“நல்லாத்தான் பேசுது” என்றார் முத்துவீரன்.

“பேசட்டும்” என்றாள் காத்தாயி.

மார்ஜரி பிளேன்டி குடித்துவிட்டுப் பஸ் ஏறினாள். கல்யாணம் ஆவணியில் நடந்தது. சட்டையை சில்வெஸ்டர்தான் தைத்தார்.

அடுத்த ஆண்டு ஆடிக் கலவரத்தில் மாத்தளை எரிந்தது. ஒழுங்கையும் எரிந்தது. மார்ஜரியும் தகப்பனும் கோயிலில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது தையல் மெசினின் இரும்புக் கால் மட்டும் நின்றது. பிஸ்கட் டின் உருகாமல் இருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் ஒரே கறுப்புக் கட்டியாகியிருந்தது. எழுதிய தாள்களும் போயின. பல்கலைக்கழகத்தில் வைத்திருந்த அட்டைகள் மட்டும் நல்லையாவுக்கு மிஞ்சின.

தன்னுடைய நாடாக்களைத் தனக்கே ஒரு பிரதி எடுத்துத் தரும்படி அவர் மஸூதாவுக்குக் கடிதம் எழுதினார். அவள் எல்லாவற்றையும் அனுப்பினாள். மாற்றாகத் தருவதாகச் சொல்லியிருந்த தன்னுடைய நாடாக்களில் மையத்து வீட்டு நாடாவை மட்டும் தரவில்லை. ஏன் என்று எழுதவும் இல்லை.

எண்பத்துநாலில், சில்வெஸ்டர் வாடகைக்கு எடுத்திருந்த சின்ன அறையில், மார்ஜரி எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினாள். இந்த அறைக்குத் திரைச்சீலை இல்லை. நல்லையா எதிரே கதிரையில் இருந்து அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்து, ஆள் மெலிந்திருந்தார்.

“பிள்ளை, இந்த யானைக் கதையில என்ன நடந்தது? யானை வருகுது, கிழவர் ஓடுறார், அடுத்த வசனத்தில குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கிறார். யானை எங்க போனது?”

“நாடா அறுந்து ஒட்டினது சேர்.”

“ஆர் ஒட்டினது?”

“நான்தான்.”

அவர் வேறொரு அட்டையை எடுத்தார். “மற்றப் பக்கத்திலயும் அப்ப போயிருக்கு. இதைப் பாரும். ‘காட்டுனாரு’ எண்டு எழுதி வைச்சிருக்கிறன், கோடும் போட்டிருக்கிறன். காத்தாயியின்ர நாடா நம்பர்தான் போட்டிருக்கு. நாடாவில அப்பிடி ஒரு சொல்லே இல்லை. மஸூதாவையும் கேட்டு எழுதினன், தன்னட்ட இல்லை எண்டுட்டா. இது எங்க வந்தது? ஆர், ஆருக்கு, என்னத்தைக் காட்டினது?”

மார்ஜரி பேனையின் முனையைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவர் நாலு வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்கலாம். கமலாட்சிக்கு இப்போது ஒரு பிள்ளை. பிள்ளை முத்துவீரனின் தோளில் ஏறிக்கொண்டுதான் லயமெல்லாம் சுற்றுகிறது என்று காத்தாயி போன மாதம் டவுனுக்கு வந்தபோது சொன்னாள்.

“தெரியாது சேர்” என்றாள்.

“உமக்கு ஒவ்வொரு வரியும் பாடமெல்லே?”

“இது தெரியாது.”

நல்லையா கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அவர் அவளுடைய முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். மார்ஜரி குனியவில்லை. “ஆதாரம் இல்லாத சொல்லை வைக்கேலாது” என்று சொல்லி, அட்டையின் குறுக்கே ஒரு கோடிழுத்து, மற்ற அட்டைகளிலிருந்து தள்ளி வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மார்ஜரி ரெக்கோடரை அழுத்தினாள். பீலியில் காத்தாயி யாருடைய குடத்தையோ திட்டிக்கொண்டிருந்தாள்.